லோறா பொய் சொன்னாள் என்று அந்தப் படம் எங்கும் சொல்லவில்லை

பத்திராதிபர் அவர்களுக்கு,

வணக்கம். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த 'அனட்டமி ஒஃப் எ மேர்டர்' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் ஊர் வாசிகசாலையில் அந்தப் படம் காண்பிக்கப்பட்ட மாலையில் நானும் அங்கிருந்தேன். இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை, பெரும்பாலும் பேச்சினாலேயே நகரும் ஒரு வழக்கை, இளைஞர்கள் எழுந்து போகாமல் பார்த்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. அதைப் பற்றி எழுதுவதற்குத் தங்கள் பத்திரிகை அரைப்பக்கம் ஒதுக்கியதற்கும் நன்றி. ஆனால் படத்தின் இறுதிக் காட்சி லோறா என்ற பெண் சொன்னது முழுப்பொய் என்பதை அம்பலப்படுத்துகிறது என்றும், அவளுடைய உடையையும் சிரிப்பையும் பார்த்த எவருக்கும் அது தொடக்கத்திலேயே விளங்கியிருக்கும் என்றும் கட்டுரையின் கடைசிப் பந்தி சொல்கிறது. இது தவறு. சினிமாக் கட்டுரையொன்றில் வந்த சிறு பிழை என்று விட்டுவிடக்கூடிய தவறாகவும் எனக்கு இது படவில்லை. முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டு நீதிமன்றங்களில் தொழில் செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

படத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதியில் உள்ள ஒரு சிற்றூரில், மனியன் என்ற இராணுவ லெப்டினன்ட், மதுச்சாலை நடத்தும் பார்னி குவில் என்பவனைப் பலர் முன்னிலையில் சுட்டுக் கொல்கிறான். சுட்டதை அவன் மறுக்கவில்லை. தன் மனைவி லோறாவைக் குவில் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தினான் என்றும், அதை அறிந்தபின் தான் என்ன செய்தேன் என்று தனக்கே தெரியாது என்றும் சொல்கிறான். மனைவி வந்து சொன்னதற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடந்திருக்கிறது. முன்னர் அரச தரப்பில் வழக்கு நடத்திப் பின்னர் தேர்தலில் அந்தப் பதவியை இழந்து, வழக்குகளைவிட மீன்பிடியில் அதிக நேரம் செலவிடும் போல் பீக்லர் என்ற சட்டத்தரணி எதிரியான, அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட, மனியனுக்காகத் தோன்றுகிறார். ஜேம்ஸ் ஸ்ருவார்ட் அந்தப் பாத்திரத்தில் நடித்து வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். லோறாவாக லீ ரெமிக், மனியனாகப் பென் கஸாரா, மாநிலத் தலைநகரிலிருந்து அரச தரப்புக்கு உதவியாக அனுப்பப்படும் வழக்குரைஞர் டான்சராக ஜோர்ஜ் சி. ஸ்கொட் ஆகியோர் நடித்தார்கள்.

இதை ஒரு கதாசிரியரின் கற்பனை என்று கட்டுரை குறிப்பிடுவதும் சரியன்று. 1958இல் வெளிவந்த மூல நாவலில் ரொபேர்ட் ட்ரேவர் என்ற பெயர் இருந்தாலும், அது ஜோன் வோல்க்கர் என்பவரின் புனைபெயராகும். அவர் மிச்சிகனின் மார்க்கெட் என்ற மாவட்டத்தில் அரச வழக்குத் தொடுநராகப் பல வருடங்கள் கடமையாற்றியவர். நாவல் வெளியானபோது மிச்சிகன் உயர் நீதிமன்றத்தின் நீதியரசராக இருந்தவர். 1952இல் பிக் பே என்ற ஊரில் உண்மையில் நடந்த ஒரு கொலை வழக்கில் எதிரிக்காக வாதாடியவரும் அவரே. அதே மாவட்டத்தில், மார்க்கெட் நகரத்து நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே படம் பிடிக்கப்பட்டது. இயக்கிய ஒட்டோ பிரெமிங்கர் வியன்னாவில் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். எழுதியவரும் இயக்கியவரும் சட்டம் படித்தவர்கள் என்பதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எது நிரூபிக்கப்பட்டது, எது நிரூபிக்கப்படவில்லை என்ற வேறுபாட்டை அந்தப் படம் ஒரு காட்சியிலேனும் குழப்பவில்லை. கட்டுரையாளர் அதைக் குழப்பியிருக்கிறார்.

இந்த வழக்கில் இரண்டு கேள்விகள் உள்ளன. லோறாவுக்குக் குவில் அந்தக் கொடுமையைச் செய்தானா என்பது ஒன்று. சுட்ட வேளையில் மனியன் தன் செயலைக் கட்டுப்படுத்த இயலாத மனநிலையில் இருந்தானா என்பது மற்றையது. முதலாவதற்கு ஆம் என்று விடை வந்தாலும் இரண்டாவதற்கு இல்லை என்று விடை வரலாம். கட்டுரையாளர் சான்றாகக் காட்டும் இறுதிக் காட்சியில் நடப்பது இதுதான். சித்தசுவாதீனமின்மை காரணமாகக் குற்றவாளியல்ல என்று யூரர்கள், அதாவது பொதுமக்களிலிருந்து தெரியப்பட்ட நடுவர்கள், தீர்ப்பளித்த மறுநாள், கட்டணத்துக்கான கடன்பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதற்காகப் பீக்லர் போகிறார். கணவனும் மனைவியும் தங்கியிருந்த வண்டிவீடு அங்கே இல்லை. குப்பைத் தொட்டியில் வெறும் போத்தல்களும் குதியுயர்ந்த ஒரு சப்பாத்தும் கிடக்கின்றன. அடக்கமுடியாத ஓர் உந்துதலால் புறப்பட்டுவிட்டதாக மனியன் எழுதிவைத்த கடிதம் மட்டும் பீக்லரின் கைக்குக் கிடைக்கிறது. நீதிமன்றத்தில் தன்னைக் காப்பாற்றிய அதே சொல்லைக் கட்டணம் கொடுக்காமல் ஓடுவதற்கும் அவன் பயன்படுத்துகிறான். இதிலிருந்து அவனுடைய சித்தசுவாதீனமின்மையைப் பற்றி எவ்வளவும் ஐயுறலாம், நானும் ஐயுறுகிறேன். ஆனால் கடிதத்தை எழுதியவன் மனியன். லோறாவின் சாட்சியத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கணவனின் பித்தலாட்டத்துக்கு மனைவியைக் குற்றவாளியாக்குவது எந்தச் சான்றுச் சட்டத்தில் உள்ளது?

லோறாவைச் சுற்றிப் படம் அடுக்கும் சான்றுகளைக் கவனித்துப் பாருங்கள். பீக்லரை முதலில் சந்திக்கும்போது அவள் கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறாள். கழற்றினால் கண் கன்றிப்போயிருக்கிறது. அது குவிலின் அடியாகவும் இருக்கலாம், பொறாமைக்காரக் கணவனின் அடியாகவும் இருக்கலாம். அவளைப் பரிசோதித்த வைத்தியர் வல்லுறவுக்கான தடயம் எதையும் காணவில்லை என்கிறார். ஆனால் அந்தப் பரிசோதனை எந்த அளவுக்குச் செய்யப்பட்டது என்பது குறுக்கு விசாரணையில் கேள்விக்கு உள்ளாகிறது. பொய்யறியும் கருவிப் பரிசோதனைக்கு அவள் தானாக உடன்பட்டிருக்கிறாள். ஆனால் அதன் முடிவு சான்றாக ஏற்கப்படமாட்டாது. கணவன் அவளைச் செபமாலையில் சத்தியம் செய்யவைத்திருக்கிறான். நம்பிய கணவன் எதற்காகச் சத்தியம் கேட்டான் என்று நாம் யோசிக்கிறோம். பொய் சொல்பவள் சத்தியம் செய்வாளா என்றும் யோசிக்கிறோம். ஒவ்வொரு சான்றும் இரண்டு பக்கமும் சாய்கிறது. இது கதை சொல்லத் தெரியாமையால் நேர்ந்ததன்று. நாவல் முழுவதையும் பீக்லர் தன்வாயால் சொல்கிறார். ஆகவே அவருக்குத் தெரியாத எதுவும் வாசகருக்கும் தெரியாது. பிரெமிங்கர் படத்திலும் அந்த வரம்பைக் காத்தார். அந்த இரவில் நடந்ததைக் காட்டும் பின்னோக்குக் காட்சி ஒன்றுகூடப் படத்தில் கிடையாது. நாங்கள் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்களில் நீதிமன்றக் காட்சியின் முடிவில் யாராவது ஒருவர் ஓடிவந்து உண்மையைச் சொல்லுவார், அல்லது நடந்தது நடந்தபடி திரையில் விரியும். ஒவ்வொருவர் ஊகத்தையும் தனித்தனியே நடித்துக்காட்டிய 1954ஆம் ஆண்டின் 'அந்த நாள்' படத்திலும்கூடக் கடைசியில் கொலையாளி யார் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு இந்தப் படத்தைப் பார்ப்பவர் எங்காவது ஒரு முடிவைத் தேடுவது இயல்பே. இல்லாத முடிவைத் தாமே எழுதி, அதைப் படம் சொன்னதாக அச்சில் ஏற்றுவது வேறு.

இந்த இடத்தில் மேரி பிலான்ற் என்ற பெண்ணைக் கட்டுரையாளர் மறந்தே போய்விட்டார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. கொல்லப்பட்ட குவிலின் விடுதியை நிர்வகித்த இளம்பெண் அவர். ஊரார் அவரைக் குவிலின் ஆசைநாயகி என்று முடிவுகட்டியிருந்தார்கள். லோறாவின் காணாமற்போன உள்ளாடை, கிழிந்த நிலையில், விடுதியின் அழுக்குத்துணிகளிடையே கிடந்ததாக அவரே நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார். டான்சர் அவருடைய முகத்துக்கு அருகில் சென்று, குவில் உன்னை ஏமாற்றினான், அந்தப் பொறாமையில்தானே இதைச் சொல்கிறாய் என்ற பாங்கில் கேள்விமேல் கேள்வியாகத் தொடுக்கிறார். அப்போது அவர், குவில் தன்னுடைய தகப்பன் என்று சொல்கிறார். ஜோர்ஜ் சி. ஸ்கொட்டின் முகம் அந்த ஒரு கணத்தில் மாறுவதை நான் எத்தனை தடவை பார்த்தாலும் சலிப்பதில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்தவுடனே ஊகித்துவிடலாம் என்று நம்பிய கெட்டிக்கார வழக்குரைஞர் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் விழுகிறார். உடையையும் சிரிப்பையும் வைத்து லோறாவை அளந்த கட்டுரையாளரும் டான்சர் நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்பதை மிகுந்த மரியாதையுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

பீக்லரும் இந்தக் கணக்கைத் தெரிந்தவர். கணவன் சிறையில் இருக்கும்போது மதுச்சாலையில் ஆடிக்கொண்டிருக்கும் லோறாவை அவரே வெளியே அழைத்துவந்து, இறுக்கமான உடைகளை விட்டுவிட்டு அடக்கமாக உடுத்தி, அடக்கமான மனைவியாக நடந்துகொள்ளும்படி கண்டிக்கிறார். நல்ல பெண்ணாகத் தோன்றினால்தான் அவளுடைய சொல் எடுபடும் என்பது அவருக்குத் தெரியும். லோறா மாறவில்லை, அவளைச் சுற்றியுள்ள துணி மாத்திரமே மாறுகிறது. சாட்சியத்தின் உண்மை துணியில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை எவரால் எடுக்க முடியும்?

இனிச் சிரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். வாசிகசாலையில் அன்று மாலை எனக்கு மனம் கலங்கியது அந்தக் கட்டத்திலேதான். லோறாவின் உள்ளாடையைப் பற்றிய பேச்சு சாட்சியத்தில் வந்தபோது, அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று நீதிபதியும் இரு தரப்பு வழக்குரைஞர்களும் கூடிப் பேசுகிறார்கள். பின்னர் அது திறந்த மன்றில் உச்சரிக்கப்பட்டதும் பார்வையாளர் மத்தியில் சிரிப்பு எழுகிறது. நீதிபதி அந்தச் சிரிப்பை அனுமதித்து, முடியவிட்டு, அதன்பின் சொல்கிறார்: ஒரு மனிதன் வன்முறையாக உயிரிழப்பதிலும் இன்னொருவன் சிறைக்குள் அடைபடக்கூடும் என்பதிலும் பங்குள்ள ஒரு பொருளில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. நீதிபதியாக நடித்த ஜோசப் வெல்ச் தொழில்முறை நடிகர் அல்லர். பொஸ்டன் நகரத்துச் சட்டத்தரணி. 1954இல் அமெரிக்க செனட் விசாரணையில், இளம் சட்டத்தரணி ஒருவரின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்திய செனட்டர் மக்கார்த்தியை நோக்கி, கண்ணியம் என்ற உணர்வே உங்களிடம் எஞ்சியிருக்கவில்லையா என்று கேட்டவர். அந்தக் குரல் நடிப்பில்லாத குரல் என்பதால்தான் மன்று அடங்கிவிடுகிறது. எங்கள் வாசிகசாலையில் நீதிபதி பேசுவதற்கு முன் சிலர் சிரித்தார்கள், பேசியபின் அமைதியானார்கள். படம் தன் பார்வையாளர்களையும் மன்றிலிருந்தவர்களோடு சேர்த்துக் கண்டிக்கிறது. அந்தக் கண்டிப்பைக் கேட்ட பின்னரும் லோறாவின் சிரிப்பைச் சான்றாக எடுத்துக்கொண்டு எழுத முடிந்தது எவ்வாறு என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த விடயத்தில் நான் குற்றமற்றவன் என்று சொல்லவரவில்லை. தொழிலுக்கு வந்து இரண்டு, மூன்று வருடங்களே ஆகியிருந்த காலத்தில், ஒரு நீதவான் நீதிமன்றத்தில், இளம்பெண் ஒருவர் முறைப்பாட்டாளராக நின்ற மானபங்க வழக்கொன்றில் எதிரிக்காக நான் தோன்றினேன். பொழுதுபட்ட பின்னர் தனியாகக் கிணற்றடிக்கு எதற்காகப் போனீர், வீட்டில் வேறு ஆட்கள் இருக்கவில்லையா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கும் வழக்கின் பிணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, அதற்குப் பின்னர் கேட்ட கேள்விகள் எதற்கும் சத்தமாகப் பதில் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லும்படி மன்று அவரைத்தான் பணித்தது. என் கட்சிக்காரர் விடுதலையானார். அந்தச் சிரிப்பை என் திறமைக்குக் கிடைத்த பாராட்டாகவே நான் அன்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்தக் கதையை நாவலாக நான் முதலில் வாசித்தது மாணவனாக இருந்தபோது, 1981இல் எரிக்கப்பட்ட எங்கள் பொது நூலகத்தில் இரவல் எடுத்து. அப்போது பீக்லரின் கெட்டித்தனம் மாத்திரமே மனதில் நின்றது. நடுவயதில் படத்தைப் பார்த்தபோதுதான் அந்த நீதிபதியின் சொற்கள் என்னைத் தேடி வந்தன.

கட்டுரையாளரோடு நான் உடன்படும் இடம் ஒன்று உண்டு. சிறைச்சாலைச் சந்திப்பைப் பற்றி அவர் எழுதியது நேர்மையான கவலை. மனியனின் கதையை முழுவதும் கேட்பதற்கு முன்னரே, ஒரு கொலைக் குற்றச்சாட்டுக்கு என்னென்ன எதிர்வாதங்கள் உண்டு என்று பீக்லர் சட்டத்தை விளக்குகிறார். நீ செய்தது நியாயமானது என்று சட்டம் சொல்லாது, மன்னிக்கத்தக்க காரணம் ஏதும் உண்டா என்று மாத்திரம் பார்க்கலாம் என்ற நிலைக்கு அவனைக் கொண்டுவருகிறார். மனியன் ஒவ்வொன்றாகத் தடவித் தடவி, தனக்கு அந்த வேளையில் புத்தி பேதலித்திருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். பொய் சொல்லும்படி பீக்லர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. கட்சிக்காரனுக்குச் சட்டத்தைச் சொல்லாத சட்டத்தரணி தன் கடமையைச் செய்யாதவர். சட்டத்தைச் சொல்லி உண்மையின் வடிவத்தை மாற்றிவிடுபவர் கடமையைத் தாண்டியவர். இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு எங்கே என்பதை, அப்புக்காத்துமார், பிறக்கிராசிமார் என்று வழக்கறிஞர்கள் இரண்டு வகையாகத் தனித்தனியாக இருந்த காலத்திலும் சரி, 1974இல் எல்லாரும் சட்டத்தரணிகள் என்ற ஒரே பெயருக்குள் வந்த பின்னரும் சரி, எங்களில் எவரும் மேசைக்கு எதிரே ஒரு மனிதன் நடுங்கிக்கொண்டு இருக்கும்போது எளிதாகக் கண்டுகொண்டதில்லை. அந்தக் கோட்டைக் கேள்வியாகவே விட்டிருப்பதால் இந்தப் படத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் பார்க்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன். பொய்சொல்லக் கற்பிக்கும் படம் என்று சொல்லி அவர்களைத் தடுத்துவிடக் கூடாது.

சட்டம் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அங்கே மனியன் பெற்ற விடுதலையை இங்கும் பெற்றிருப்பான் என்ற கருத்து கட்டுரையில் தொனிக்கிறது. மிச்சிகன் உயர் நீதிமன்றம் 1886இல் தீர்த்த ஒரு வழக்கைப் பீக்லரும் அவருடைய வயோதிப நண்பரும் சட்ட நூல்களிடையே தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். சரி பிழை தெரிந்திருந்தாலும், உந்துதலை அடக்கமுடியாத நிலையில் இருந்தவனுக்குச் சித்தசுவாதீனமின்மை என்ற எதிர்வாதம் கிடைக்கும் என்பது அதன் சாரம். 1883இன் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவில் அதற்கு இடமில்லை. தன் செயலின் தன்மையையோ, அது பிழை அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய இயலாதவனுக்கு மாத்திரமே அந்தப் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. மனியன் இங்கே விசாரிக்கப்பட்டிருந்தால், 294ஆம் பிரிவின் முதலாம் விதிவிலக்கான கடுமையான, சடுதியான ஆத்திரமூட்டலையே அவனுடைய சட்டத்தரணி நாடியிருப்பார். அந்த ஒரு மணிநேர இடைவெளியே வழக்கின் உயிராக இருந்திருக்கும். வென்றாலும் அது கொலையிலும் குறைந்த குற்றமான கைமோசக் கொலைக்கான தண்டனையில் முடிந்திருக்குமேயன்றி விடுதலையில் அன்று. அதோடு, வல்லுறவு வழக்கில் பெண்ணின் உடலில் காயம் இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை எங்கள் சட்டம் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கிவிட்டது. எதிர்த்ததற்கான காயம் இல்லை என்பதால் மாத்திரம் சம்மதம் இருந்தது என்று இங்கே எவரும் இன்று வாதிட முடியாது. சட்டப்புத்தகத்திலிருந்து போய்விட்ட அந்த எண்ணம் மனிதர் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

வழக்கின் நடுவில், சாட்சி சொன்ன ஒரு விடயத்தைக் கவனத்தில் எடுக்கவேண்டாம் என்று நீதிபதி யூரர்களுக்குப் பணிக்கிறார். காதில் விழுந்ததை அவர்கள் எப்படிக் கேளாதிருக்க முடியும் என்று மனியன் பீக்லரின் காதருகில் கேட்கிறான். முடியாது என்கிறார் பீக்லர். இந்த எச்சரிக்கை தங்கள் பத்திரிகைக்கும் பொருந்தும். லோறா பொய்காரி என்ற வரியை வாசித்துவிட்டுப் படத்தைப் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு, அடுத்த வாரம் திருத்தம் வந்தாலும், அந்த வரி காதில் விழுந்ததாகவே இருக்கும். ஆயினும் திருத்தம் வரத்தான் வேண்டும்.

ஆகவே, படத்தின் முடிவில் லோறாவின் சாட்சியம் பொய்யென நிறுவப்படுவதாக எழுதியது தவறு என்ற ஒரு வரியையும், நாவலாசிரியர் யார் என்ற திருத்தத்தையும் அதே பக்கத்தில், கட்டுரை வந்த அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசிகசாலை நிர்வாகத்தினரோடு பேசியிருக்கிறேன். தைப்பொங்கலுக்குப் பின்வரும் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் படத்தை மறுபடியும் காண்பிப்பதற்கு அவர்கள் இசைந்திருக்கிறார்கள். நீதிமன்றக் காட்சிகளில் வரும் சட்டச் சொற்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதிய இரண்டு பக்கத் தாளொன்றை நான் ஆயத்தம் செய்து வருகிறேன். கட்டுரையாளர் வருவாரானால், படம் முடிந்தபின் அவருடன் இருந்து பேசுவதற்கு மிகவும் விரும்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர்,
கொக்குவில்.